நெருப்பு எந்த ஊருக்குச் சொந்தம்

எங்கள் பெல்ஜியத்தில் ஒரு மனிதன் நெருப்பில் மாட்டிக்கொண்டால், எவ்வளவு வெந்திருக்கிறான் என்பது இரண்டாவது கேள்வி. எந்த ஊராட்சி எல்லைக்குள் வெந்துகொண்டிருக்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ரோஷ்வல் – லிண்டபேக் கார்ப் பந்தயப் பாதுகாப்புக் குழுவின் விதிப் புத்தகத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதிய இரண்டு எழுத்தர்களில் நான் ஒருவன். மற்றவர் பிரெஞ்சில் எழுதுவார், நான் டச்சில் எழுதுவேன். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா என்று சரிபார்க்க மூன்றாவதாக ஒருவரை நியமிக்கலாம் என்று பேச்சு வந்தது. அவர் எந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதில் முடிவு எட்டப்படாததால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

பந்தயம் நடக்கும் சாலை வருடம் முழுக்க பால் வண்டியும் பீட்ரூட் வண்டியும் போகிற சாலைதான். ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் மட்டும் அதில் மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். முக்கோணமான பாதையில் பாதி ரோஷ்வலுக்கு, அங்கே பிரெஞ்சு. மீதி லிண்டபேக்குக்கு, அங்கே டச்சு. ஒவ்வொரு ஊருக்கும் தனித் தீயணைப்புப் படை, தனிப் பாதிரியார், தனி பேண்டு வாத்தியம், தனி பீர். எல்லைக்கோடு சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு கூர்மையான வளைவு. அங்கே யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று குழுவே செலவு செய்து, சாலையில் ஒரு முழம் அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. மழையில் அந்தக் கோடு வழுக்கும். வழுக்கி விழுகிறவர்கள் சரியாக எல்லையிலேயே விழுவார்கள்.

வளைவின் ஓரத்தில் ஒடிலோனின் உருளைக்கிழங்கு வறுவல் கடை இருந்தது. மாட்டுக்கொழுப்பில் இரண்டு முறை பொரித்துக் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுப்பான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் கொப்பரை தீப்பிடித்தது நாற்பது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் நனைந்த சாக்கை எடுத்து மேலே போர்த்திவிட்டு, வரிசையில் அடுத்து நிற்பவரிடம், "பெரிய கூம்பா, சின்னதா?" என்று கேட்பான். அவ்வளவுதான் அவனுக்கு நெருப்பு.

அறுபத்தேழாம் வருடம் அவன் முதல்முறையாகக் குழுவின் தொண்டர் கூட்டத்துக்கு வந்தான். காரணம் இருந்தது. அவன் மருமகன் நோர்பெர்ட், கார் பழுது பார்ப்பவன், யாரோ ஒரு ஆங்கிலேயன் கழித்துவிட்ட பந்தயக் காரை வாங்கி மூன்று குளிர்காலம் உட்கார்ந்து சரிசெய்து, அந்த வருடப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். பெட்ரோல் தொட்டி அவன் இடுப்புக்கு இரண்டு பக்கமும் இருக்கும். ஒடிலோனின் மகள் கோட்லீவுக்கு அப்போது ஆறாவது மாதம்.

கூட்டத்தில் குழுத் தலைவர் தியோடூல் பஸ்தேன் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் ரோஷ்வலில் நோட்டரி. உயில் எழுதி எழுதி, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் கொஞ்சம் தடுமாறும். பேச்சு முடிந்ததும் ஒடிலோன் கையைத் தூக்கினான்.

"தலைவரே, ஒரு சந்தேகம். வண்டி எரியுது. உள்ள ஆளு இருக்கான். அவன யாரு வெளிய இழுக்கறது?"

"நல்ல கேள்வி. நெருப்பு, தீயணைப்பு உட்குழுவோட பொறுப்பு. வண்டி, வாகன உட்குழுவோடது. ஓட்டுநர், மருத்துவ உட்குழுவோடது. மூணுக்கும் ஆள் போட்டாச்சு."

"அப்ப டாக்டரு இழுப்பாரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிய வந்த நோயாளியத்தான் நான் தொட முடியும். உள்ள இருக்கிற வரைக்கும் அவர் வண்டியில ஒரு பாகம்."

வாகன உட்குழுக்காரர் உடனே எழுந்தார். "எங்க பட்டியல்ல சக்கரம் இருக்கு, பிரேக் இருக்கு, ஸ்டீரிங் இருக்கு. ஆளு இல்ல. வேணும்னா பட்டியலப் பாத்துக்கங்க."

ரோஷ்வல் தீயணைப்புப் படையின் கேப்டன் கோலார் தொண்டையைச் செருமினார். "எரியறத அணைக்கிறது எங்க வேல. ஓட்டுநர் எரிய ஆரம்பிச்சா எங்க பொறுப்புக்கு வந்துடுவாரு. அதுக்கு முன்னாடி நாங்க அவரு மேல கை வைக்கிறது மரியாதையில்ல."

"அப்ப யாருமே இழுக்க மாட்டீங்க."

"அப்படி இல்ல, ஒடிலோன்," என்றார் பஸ்தேன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஓட்டுநர் தானாவே வெளிய வருவாரு. அதுதான் எங்க திட்டத்துக்கே அஸ்திவாரம். ஆறு வருஷமா இந்தத் திட்டத்துல ஒரு குறையும் கிடையாது. நாலு தடவ ஓட்டுநர்கள் ஒத்துழைக்கல, அவ்வளவுதான்."

இடுப்பில் பெல்ட் கட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். பஸ்தேன் சிரித்தார். கட்டினால் மோதலின்போது ஓட்டுநர் காற்றில் தூக்கி எறியப்பட மாட்டார். தூக்கி எறியப்படுவதுதான் இந்தக் குழுவிடம் இருக்கும் மிக வேகமான மீட்பு முறை. அதை ஒரு துண்டு வாரால் கெடுக்க முடியுமா என்று கேட்டார். கைதட்டல். நானும் தட்டினேன். குறிப்பில் 'பலத்த' என்று எழுத வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஒத்திகை. பழைய கார் ஒன்றில் வைக்கோல் திணித்த பொம்மையை உட்கார வைத்துப் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைவர் வரவேற்புரையைத் தொடங்கிவிட்டதால், உரை முடியும்வரை குழாயைத் திறப்பது நாகரிகமில்லை என்று படை காத்திருந்தது. பதினோரு நிமிடம். பிறகு அணைத்ததில் ஒரு ஸ்டீரிங்கும் இரண்டு பொத்தானும் கிடைத்தன. லிண்டபேக்குக்கு மனக்குறை வரக்கூடாது என்று அடுத்த நாள் அங்கேயும் ஒரு பொம்மையை எரித்தார்கள். அறிக்கையை நான்தான் எழுதினேன்: 'இரு நாட்களிலும் பொம்மை பதற்றமின்றி, இருக்கையை விட்டு அசையாமல், கண்ணியமாக நடந்துகொண்டது. ஓட்டுநர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும்.'

வளைவுகளில் தடுப்பாக வைக்கோல் கட்டுகளை அடுக்குவது எங்கள் வழக்கம். முந்தின வருடம் அந்த வைக்கோல் பற்றிக்கொண்டு ஒருவர் இறந்தார். குழு விசாரித்தது. வைக்கோல் போதவில்லை என்று கண்டுபிடித்து இரண்டு மடங்காக்கியது.

பந்தயத்துக்கு முன்தினம் கோட்லீவ் கடையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நோர்பெர்ட் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

"அப்பா, அவன் கேக்க மாட்டான். நீயாவது சொல்லு," என்றாள்.

"மாப்ளே, அங்க உன்ன இழுக்கறதுக்கு ஆளு கிடையாது. நானே காதால கேட்டேன்."

"மாமா, இழுக்கற மாதிரி நான் ஏன் நிக்கப் போறேன்? நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போயிடுவேன்."

"எல்லாரும் அப்படித்தான் போனாங்க. சர்ச்சுக்குப் பின்னாடி வரிசையாப் படுத்திருக்காங்க, போய்க் கேளு."

"நீங்கதான் தொண்டர் பட்டை வாங்கியிருக்கீங்களே. நீங்க இருக்கீங்கல்ல?"

பட்டை வாங்கியிருந்தான், உண்மைதான். கையில் மஞ்சள் துணி, அதில் 'பார்வையாளர்' என்று இரண்டு மொழியில். எரியும்போது பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் குழு ஒரு பென்சிலும் கொடுத்திருந்தது. பென்சிலைத் திருப்பித் தர வேண்டும்.

மறுநாள் ஒன்பதாவது சுற்றில் லேசாகத் தூறியது. நோர்பெர்ட் ஆறாவதாக வந்துகொண்டிருந்தான். வளைவில் வெள்ளைக் கோட்டின்மேல் பின்சக்கரம் ஏறியது. கார் இரண்டு தடவை சுற்றி வைக்கோலில் இடித்து, ஒரு பக்கம் நசுங்கி, கோட்டின் குறுக்கே வந்து நின்றது. முன்பாதி லிண்டபேக்கில். பின்பாதி ரோஷ்வலில். பின்னால் பக்கென்று பிடித்துக்கொண்டது.

இரண்டு படைகளும் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. வருவதில் எங்கள் படைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றன.

லிண்டபேக் கேப்டன் ஃபான் ஹூக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நெருப்பு உங்க பக்கம், கேப்டன். நீங்க ஆரம்பிங்க."

"பாக்கறதுக்கு எங்க பக்கம்தான்," என்றார் கோலார். "ஆனா பெட்ரோலு ஒழுகினது தொட்டியோட முன்முனையிலேர்ந்து. அது உங்க பக்கம். வித்து உங்களோடது, கேப்டன்."

"வித்து யாரோடதா இருந்தா என்ன, செடி உங்க மண்ணுலதான் வளருது."

"காத்து உங்க பக்கத்துலேர்ந்து அடிக்குது."

"காத்துக்கு எல்லை கிடையாது."

"அத எழுதிக் குடுங்க."

நெருப்பு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கைமாறினால் ஒப்படைப்புப் பத்திரம் வேண்டும். ஆறு பிரதி. கார்பன் காகிதம் கொண்டுவர என்னைத்தான் அனுப்பினார்கள். நான் ஓடவில்லை. ஓடினால் பொதுமக்கள் பீதியடைவார்கள் என்று ஏழாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.

உள்ளே நோர்பெர்ட் கத்திக்கொண்டிருந்தான். "மாமா, காலு. காலு மாட்டிக்கிச்சு."

டாக்டர் வைக்கோலுக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே வருபவருக்காகக் காத்திருந்தார். வாகன உட்குழுக்காரர் சக்கரம் நான்கும் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து எண்ணினார். இன்னொருவர் அளக்கும் சங்கிலியை விரித்து, கோடு ஓட்டுநரின் தொடையில் போகிறது, தொடைக்குக் கீழே லிண்டபேக், மேலே ரோஷ்வல் என்று அறிவித்தார்.

ஒடிலோன் பென்சிலைக் காதில் செருகினான். கடைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த இரண்டு சாக்கை எடுத்தான். ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டான். மற்றதை எரிகிற பக்கமாக நோர்பெர்ட்டின் மேல் போர்த்தினான். கொப்பரைக்குப் போர்த்துவது போலத்தான், அதே கை. பிறகு வயிறு வரைக்கும் காருக்குள் தலைகீழாக இறங்கினான். பெடலின் அடியில் பூட்ஸ் நசுங்கி மாட்டியிருந்தது. உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியால் பூட்ஸின் கயிற்றை அறுத்தான். பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டு, மருமகனை அக்குளில் பிடித்து மூட்டை இழுப்பதுபோல இழுத்து ஈரப்புல்லில் போட்டான். நோர்பெர்ட்டுக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்திருந்தன. ஒடிலோனுக்குப் புருவம் இல்லை.

"இப்ப வெளிய வந்துட்டாரு," என்று டாக்டரிடம் சொன்னான்.

டாக்டர் ஓடிவந்து நன்றாகவே பார்த்தார். நான் கார்பன் காகிதத்தோடு திரும்பியபோது கார் முழுக்க எரிந்து முடிந்திருந்தது. பத்திரத்தை எழுதத் தொடங்கினோம்.

விசாரணை ஆகஸ்டில் நடந்தது. பஸ்தேன் நடுவில், கேப்டன்கள் இருபுறம். ஒடிலோனை நிற்க வைத்தார்கள்.

"ஒங்க வேல என்ன?"

"பாக்கறது."

"பாத்தீங்களா?"

"பாத்தேன், தலைவரே. ரொம்பப் பக்கத்துலேர்ந்து."

"மணி குறிச்சீங்களா?"

"பென்சிலு எரிஞ்சிபோச்சு."

இது தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பிறகு பஸ்தேன் எழுந்து பேசினார். அதை நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

"இந்தக் குழு வந்து ஆறு வருஷத்துல ஒரு தாளு தொலைஞ்சது கிடையாது. ஒவ்வொரு சாவும் ஒழுங்கா, ரெண்டு மொழியில, சரியான ஊர்க் கணக்குல பதிவாகியிருக்கு. எங்க படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ரோஷ்வல்ல இறந்தவர், லிண்டபேக்ல இறந்தவர். இப்ப ஒருத்தரு உயிரோட இருக்காரு. அவர எந்தக் கட்டத்துல போடறது? ஒரு வறுவல்காரரு அவசரப்பட்டதால, நேர்மையான ரெண்டு ஊரு இன்னிக்கு ஒன்ன ஒண்ணு சந்தேகப்பட்டு நிக்குது. உயிரக் காப்பாத்தறதுக்கு நான் எதிரி இல்ல. அனுமதி இல்லாமக் காப்பாத்தறதுக்குத்தான் எதிரி. ஆளாளுக்குக் காப்பாத்த ஆரம்பிச்சா, அப்புறம் பாதுகாப்புக் குழு எதுக்கு?"



தீர்ப்பு இப்படி வந்தது. ஓட்டுநர் எரியும் வாகனத்திலிருந்து அகற்றப்பட்டது விதிப்படி செல்லாது. எந்த ஊரின் நெருப்பிலிருந்து அகற்றப்பட்டார் என்று இரு ஊர்களும் ஒத்துக்கொண்டு கையெழுத்திடும்வரை, ஓட்டுநர் நோர்பெர்ட் வாகனத்துக்குள்ளேயே இருப்பதாகக் கொள்ளப்படும். ஒடிலோனின் பட்டை பறிக்கப்பட்டது. கடையை வளைவிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

குளிர்காலம் முடிவதற்குள் நோர்பெர்ட்டின் கை ஆறிவிட்டது. அக்டோபரில் பிறந்த பெண் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் அடுத்த பந்தயத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பினான். கோட்லீவ் அழுதாள், திட்டினாள், ஒரு வாரம் சமைக்கவில்லை. அவன் மாமனார் கடையில் வறுவல் தின்றே சமாளித்தான். விண்ணப்பம் என்னிடம்தான் வந்தது. நான் திருப்பி அனுப்பினேன். அவன் நேரிலேயே வந்துவிட்டான்.

"ஏன்யா திருப்பி அனுப்பினீங்க?"

"நீங்க இன்னும் போன வருஷத்து வண்டிக்குள்ள இருக்கீங்க. ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு வண்டியில ஓட்ட முடியாது. விதி பன்னெண்டு."

"நான் ஒங்க முன்னாடி நிக்கறேன்."

"எனக்குத் தெரியுது. குழுவுக்குத் தெரியல."

"என்னத் தொட்டுப் பாருங்க."

"தொட்டா நான் சாட்சியாயிடுவேன். எனக்கு எதுக்குங்க?"

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் ஒடிலோன் வந்தான். வழக்கமில்லாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"எழுத்தரய்யா, இது உண்மையா? கையெழுத்து ஆகற வரைக்கும் அவன் ஓட்டவே முடியாதா?"

"முடியாது."

"கையெழுத்து எப்ப ஆகும்?"

"ரெண்டு ஊரும் ஒத்துக்கணும்."

அவன் என்னையே பார்த்தான். புருவம் இன்னும் முளைக்காததால் என்ன நினைக்கிறான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே போய் நேராக லிண்டபேக் பக்கம் நடந்தான்.

பிறகு நடந்ததையெல்லாம் இரு தரப்புக் கடிதங்களிலும் படித்தேன். ஃபான் ஹூக்கிடம் போய் ஒடிலோன், "கேப்டன், நமக்கெதுக்கு வம்பு, ஆனா ரோஷ்வல்ல ஒரு பேச்சு அடிபடுது. மனுஷனுக்கு நெஞ்சு எங்க இருக்கோ அதுதான் அவன் ஊராம். நெஞ்சு அவங்க பக்கம் இருந்ததால காப்பாத்தின பேரு அவங்களுக்குத்தானாம்," என்றிருக்கிறான். அடுத்த நாள் பஸ்தேனிடம் போய், "தலைவரே, லிண்டபேக்காரங்க சொல்றாங்க, மனுஷன் கால் எங்க இருக்கோ அங்கதான் நிக்கிறான்னு. பூட்ஸு அங்கதான் கிடைச்சுதாம், சாட்சியா வெச்சிருக்காங்களாம்," என்றிருக்கிறான். அதுவரை யாரும் கேட்டிராத பூட்ஸை இரு ஊரும் கேட்டன. ஊர்வலம் நடந்தது. பேண்டு வாத்தியங்கள் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டு வாசித்தன. சட்ட நிபுணர் ஒருவர் கல்லீரல் யாருக்கு என்று நாற்பது பக்கம் எழுதினார். சமாதானம் நெருங்கும்போதெல்லாம் ஒடிலோன் யார் வீட்டுக்காவது போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவான். எந்தப் பக்கமும் அவனைச் சந்தேகப்படவில்லை. வறுவல்காரனுக்கு என்ன தெரியும்?

அறுபத்தெட்டாம் வருடப் பந்தயத்தில் நோர்பெர்ட் முந்தின வருடம் ஓட்டிய ஆறாம் எண், லியேஜ் நகரத்துப் பையன் எவ்ரார்டுக்குப் போனது. நல்ல பையன். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். நான்காவது சுற்றில் அதே வளைவில் வழுக்கினான். இந்த முறை கார் முழுக்க ரோஷ்வல் பக்கம்தான் நின்றது, எந்தச் சிக்கலும் இல்லை. கோலாரின் படை உடனே வந்து முறைப்படி நெருப்பை அணைத்தது. ஒன்பது நிமிடம். டாக்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நோர்பெர்ட் முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த கடையிலிருந்து ஓடிவந்தான். ரோஷ்வல் போலீஸ்காரர் இருவர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். எவ்ரார்டின் குரல் நின்ற பிறகு விட்டார்கள்.

படிவத்தில் முதல் கட்டம். பிழையில்லாமல் நிரப்பினேன். குழுவுக்கு அந்த வருடம் மாகாண ஆளுநரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

நோர்பெர்ட் அதற்குப் பிறகு என் அலுவலகத்துக்கு வரவில்லை. தன் காரின் இயந்திரத்தைக் கழற்றி ஒரு பீட்ரூட் விவசாயிக்கு விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

எழுபதாம் வருடம் வசந்தத்தில், ஒடிலோன் நிமோனியாவில் படுத்திருந்த மூன்று வாரத்தில், இரண்டு ஊருக்கும் சமாதானம் வந்துவிட்டது. தொடைக்குக் கீழே லிண்டபேக், மேலே ரோஷ்வல், காப்பாற்றிய பெயர் இருவருக்கும் பொது. இரு மேயர்களும் கையெழுத்திட்டார்கள். பத்திரத்தின் அடியில் ஓட்டுநரும் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அவர் வாகனத்தை விட்டு முறைப்படி வெளியேறியதாக ஆகும். நோர்பெர்ட்டை அழைத்தார்கள். அவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கோட்லீவ் வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பஸ்தேன் பத்திரத்தை அவன் முன் தள்ளி, தன் சொந்தப் பேனாவைத் திறந்து நீட்டினார். "மூணு வருஷப் போராட்டம், நோர்பெர்ட். குழு உன்ன மீட்டுடுச்சு. இங்க ஒரு கையெழுத்து. அடுத்த மாசப் பந்தயத்துக்கு ஆறாம் நம்பரும் காலியா இருக்கு."

நோர்பெர்ட் பத்திரத்தை இரண்டு மொழியிலும் நிதானமாகப் படித்தான். பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இருக்கட்டும், தலைவரே. நான் உள்ளயே இருந்துக்கறேன்."